சொந்தமில்லை என்று சொன்னால்தான் கடன்

அம்மணி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். எரிச்சலில் வாய்க்கு வந்தபடி பேசிவிடுவேன் என்று உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதனால் எழுதுகிறேன். நீ படித்துவிட்டு, உன்னோடு வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் காட்டு. நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், விஷயத்தில் கை வைக்காதீர்கள்.

கடன் குழுவில் சேரும் பெண்கள் ஒருவருக்கொருவர் உறவா என்று உன் கைபேசியில் ஒரு கட்டம் வருகிறதாம். ஆம் என்று அழுத்தினால் அதற்கு மேல் நகராமல் நின்றுவிடுகிறதாம். நீ போன ஊரில் எல்லோருமே ஒருவருக்கொருவர் சொந்தமாம். "மத்தவங்க எல்லாம் இல்லைன்னு அழுத்திட்டுப் போயிடறாங்கப்பா, நானும் அழுத்திடட்டுமா?" என்று கேட்டாய்.

எனக்கு முதலில் வந்த கோபம் உன் மேல் இல்லை. இத்தனை வருஷத்தில் மொபெட் போய்விட்டது, கார்பன் தாள் போய்விட்டது, நானே ஓய்வு பெற்று வந்துவிட்டேன். இந்தக் கேள்வி மட்டும் போகாமல் உட்கார்ந்திருக்கிறதே என்றுதான் கோபம்.

தொண்ணூறுகளில் நான் சோமனூர்ப் பக்கம் ஒரு சின்னச் சங்கத்தில் களப்பணியாளன். எங்கள் அலுவலகம் ஒரு நூல் கடைக்கு மாடியில் ஒற்றை அறை. பெண்களை ஐந்து ஐந்து பேராகக் குழு சேர்த்து, வாராவாரம் கூட்டம் நடத்தி, சிறு கடன் கொடுத்து, தவணை வசூலிப்பது வேலை. கொடுக்கிற பணம் எங்களுடையதல்ல. குளிர் அதிகமான ஏதோ ஒரு தேசத்தில் யார் யாரோ போட்ட நன்கொடை. அது முதலில் அந்த ஊர் அமைப்புக்குப் போகும். அங்கிருந்து கோயமுத்தூரில் ஒரு பெரிய அலுவலகத்துக்கு வரும். அவர்கள் எங்களைப் போன்ற சின்னச் சங்கங்களைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு பணத்தைப் பிரித்துத் தருவார்கள். நாங்கள் குழுக்களுக்குக் கொடுப்போம்.

வாய்க்காலில் தண்ணீர் வரும்போது ஒவ்வொரு மடையிலும் கொஞ்சம் குறையும். இந்தப் பணம் குறையாமல்தான் வந்தது, அதைச் சொல்லவேண்டும். ஆனால் ஒவ்வொரு மடையிலும் ஒரு நிபந்தனை கூடியது. எங்களிடம் வந்து சேர்வதற்குள் பணத்தைவிட நிபந்தனை பெரிதாகிவிட்டிருக்கும்.

அதில் ஒன்றுதான் இது: ஒரே குழுவில் உறவினர் இருக்கக்கூடாது.

விதி போட்டவர்களை முட்டாள்கள் என்று நினைக்காதே. கொடுமுடிப் பக்கம் ஒரு மாமனார் தன் வீட்டு மருமகள்களையும் தம்பி வீட்டு மருமகள்களையும் ஒரே குழுவில் உட்காரவைத்து, அத்தனை பேர் கடனையும் வாங்கி, ஒரே மோட்டாராக வாங்கித் தன் போர்வெல்லில் இறக்கிவிட்டார். போர்வெல்லில் தண்ணீர் இல்லை. பெண்கள் தவணை கட்டினார்கள். இப்படி ஒன்று நடந்தால் விதி போடத்தான் செய்வார்கள். ஆனால் போட்டவர்கள் எங்கள் பக்கத்தில் வீடுகள் ஒட்டி நிற்கும் வளவு ஒன்றில் வந்து ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருக்கலாம். ஊர் முழுக்க ஒரே குலக் கூட்டத்துப் பங்காளிகள். வெளியூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்கள் அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் ஓரகத்தி, இல்லையென்றால் மாமியார், மருமகள். சொந்தமில்லாத ஐந்து பேர் வேண்டுமென்றால் ஐந்து ஊருக்குப் போகவேண்டும்.

இதை எங்கள் செயலாளரிடம் சொன்னேன். அவர் கோயமுத்தூருக்குச் சொன்னார். கோயமுத்தூரில் "மேலே கேட்கிறோம்" என்றார்கள். மேலே என்றால் எது வரைக்கும் மேலே என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த வளவில் சரசக்கா என்று ஒரு அம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். குழு சேர்த்ததே அவர்தான். விதியை நான் விளக்கிச் சொன்னதும் அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இதுக்கா தம்பி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறீங்க? ஆபீசர் வந்து கேட்டுட்டுப் போற அஞ்சு நிமிசத்துக்குச் சொந்தமில்லாம இருந்துக்கறம். அவரு பஸ் ஏறுனதும் மறுபடி சொந்தமாயிக்கறம். இதுல என்னங்க கெட்டுப் போச்சு?"

பெண்கள் சிரித்தார்கள். பொய் சொல்ல நான் சொல்லித்தரமாட்டேன் என்றேன். உங்களை யார் கேட்டது, நாங்களே படிச்சுக்குவோம் என்று சரசக்கா சொல்லிவிட்டார்.

குழுவில் ஐந்து பேர். அவர்களில் மயிலாத்தாளையும் ருக்மணியையும் மட்டும் நினைவில் வைத்துக்கொள். இருவரின் வீட்டுக்காரர்களும் கூடப் பிறந்த அண்ணன் தம்பி. அண்ணன் மனைவி மயிலாத்தாள். தம்பி மனைவி ருக்மணி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்னால் இரண்டுக்கும் பொதுவாகக் கூரை இறக்கிய ஒரே தாவாரம். ஒரு வீட்டில் தாளித்தால் இன்னொரு வீட்டில் தும்முவார்கள். ருக்மணிக்குத் தறிக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றுகிற மெஷின் வாங்க ஆசை. மயிலாத்தாளுக்கு ஒரு கறவை மாடு. கடன் முதலில் குழுவில் ரொம்பவும் ஏழைகளான இரண்டு பேருக்கு. அவர்கள் ஒழுங்காகத் தவணை கட்டினால்தான் அடுத்த இரண்டு பேருக்கு. தலைவியான சரசக்காவுக்குக் கடைசி. அதனால் ருக்மணிக்கு முதலில், மயிலாத்தாளுக்கு அப்புறம் என்று முடிவாயிற்று. ருக்மணியின் தவணை நின்றால் மயிலாத்தாளின் மாடு வராது.

குழுவைப் பரீட்சை வைத்து அங்கீகரிக்கக் கோயமுத்தூரிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனுஷன். வேகாத வெயிலில் பஸ் பிடித்து வந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, நோட்டு எடுத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று விளக்கினார். அந்தத் தேசத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேக் செய்து விற்றுச் சேர்த்த காசும் இதில் இருக்கிறது என்றார். சரசக்கா, எந்த ஊட்டுப் புள்ளைகளோ நல்லா இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இடம் தறிக் குடோனுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகை. தறி ஓடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அதிகாரி மயிலாத்தாளைப் பார்த்து, ருக்மணியைக் காட்டி, இவங்க உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் மயிலாத்தாள்.

கேட்கவில்லை, சத்தமா சொல்லுங்க என்றார் அவர்.

"சொந்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க!"

அதோடு விட்டிருக்கலாம். அந்த மனுஷன் வேலையில் சுத்தக்காரர். நல்லது கெட்டதுக்குப் போக வர இருப்பீங்களா என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டார். சரசக்கா நடத்திய பாடத்தில் இது இல்லை. மயிலாத்தாள் ஒரு கணம் முழித்தாள். பிறகு, பரீட்சையில் தோற்றுவிடக் கூடாதே என்ற வேகத்தில், தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"நான் அவ ஊட்டுப் பக்கமே போறதில்லீங்க!"

அதிகாரி திருப்தியாகத் தலையாட்டி எழுதிக்கொண்டார். சரசக்கா முகத்தில், தேறிவிட்டோம் என்ற சிரிப்பு. நாங்கள் எல்லோரும் மயிலாத்தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தத் தொழிலில் இருக்கிற யாரும் செய்யக்கூடாத காரியம் அது. ஒருத்தி பதில் சொல்லும்போது, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் முகத்தைப் பார்க்கவேண்டும். அவளுடைய முறை வந்தபோது ருக்மணி தரையைப் பார்த்துக்கொண்டு, "அக்கா சொன்னாச் சரிங்க" என்று மட்டும் சொன்னாள். சொந்தமில்லாதவளை அக்கா என்று கூப்பிட்டது அதிகாரிக்கு உறைக்கவில்லை. இந்தப் பக்கத்தில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவளும் அக்காதானே.

குழு தேறியது. பணம் வந்தது. ருக்மணி தார் மெஷின் வாங்கினாள். இரண்டு மாதம் தவணை ஒழுங்காக வந்தது. ஆனால் கூட்டத்துக்கு வரும்போது மயிலாத்தாள் ஒரு ஓரம், ருக்மணி ஒரு ஓரம். நோம்பிப் பண்டிகைக்கு மயிலாத்தாள் இனிப்புக் கச்சாயம் சுட்டு ஒரு தட்டு நிறையக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். மூடிய துணிகூடக் கலையாமல் தட்டு திரும்பி வந்துவிட்டது. பின்பக்கத் தாவாரத்தில் நடமாட்டத்துக்கு இருந்த வழியில் ருக்மணி விறகை அடுக்கிவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குழுவுக்குக் கணக்கு எழுதுவேனா, குடும்பப் பஞ்சாயத்துப் பண்ணுவேனா? இருந்தாலும் ருக்மணியிடம் போய்ப் பேசிப்பார்த்தேன். கடனுக்காக எல்லோரும் சேர்ந்து பேசிவைத்துச் சொன்னதுதானே, இதைப் போய்ப் பெரிது பண்ணலாமா என்றேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொந்தமில்லைன்னு சொல்லச் சொன்னாங்க, சொன்னாங்க. அது பரவால்லீங்க சார். ஊட்டுப் பக்கமே போறதில்லைன்னு யாருங்க சொல்லச் சொன்னது? அது அவிய சொந்தமாச் சேத்துனது."

அங்கிருந்து மயிலாத்தாளிடம் போனால், அவளுக்கு அதைவிடக் கோபம். கடனுக்குச் சொன்னதெல்லாம் ஒரு சொல்லா, அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறாளே, நான் போய் அவ கால்ல உழோணுமா என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து, கூலித் தகராறில் தறிகள் நின்றன. சோமனூர்ப் பக்கம் தறி நின்றால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. டீக்கடை முதல் கோயில் உண்டியல் வரை எல்லாம் நிற்கும். தறி இல்லை என்றால் தார் யாருக்கு வேண்டும்? ருக்மணியின் மெஷின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டார்கள். அந்த வாரம் தவணை கட்ட அவளிடம் பணமில்லை.

இதற்குத்தான் குழு. ஒருத்தியால் முடியாவிட்டால் மற்ற நால்வரும் போட்டு, அவள் கையாலேயே கட்டவைக்கவேண்டும். பணம் முழுசாகச் சேரும்வரை கூட்டத்திலிருந்து யாரும் எழுந்து போகக்கூடாது. மயிலாத்தாள் யாரும் கேட்பதற்கு முன்பே முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை நீட்டினாள். ருக்மணி கையை மடியில் வைத்தபடி இருந்தாள்.

"ஊட்டுப் பக்கம் வராதவங்க பணம் எனக்கு எதுக்குங்க."

சரசக்கா திட்டினார். மற்ற இருவர் கெஞ்சினார்கள். நான் விதியைப் படித்துக் காட்டினேன். மற்ற இருவர் கொடுத்தால் வாங்கிக்கொள் என்று ஒருத்தி சொல்ல, அக்கா கொடுக்க நீட்டியதை வாங்காமல் அடுத்தவளிடம் வாங்கினால் அது இன்னும் அசிங்கம் என்று ருக்மணியே சொன்னாள். அப்போது மட்டும் அக்கா. உச்சி வெயில் வரை உட்கார்ந்திருந்தோம். கொடுக்க ஆள் இருக்கிறது, கொடுக்கப் பணம் இருக்கிறது, வாங்கவேண்டியவள் வாங்கமாட்டேன் என்கிறாள். இந்த மாதிரி ஒரு நிலைமைக்குப் பயிற்சி வகுப்பில் ஒரு வரிகூடச் சொல்லித்தரவில்லை. கடன் வாங்கிவிட்டு ஓடிப்போகிறவர்களை எப்படிப் பிடிப்பது என்று மட்டும் மூன்று நாள் சொன்னார்கள்.

தவணை குறைந்தது என்று எழுதி அனுப்பினேன். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் சங்கத்துக்கு அடுத்த நன்கொடைத் தவணை வரவேண்டிய சமயம். வேறு ஊர்களில் ஏழெட்டுக் குழுக்கள் காத்திருந்தன. வசூல் முழுசாக இருந்தால்தான் அந்தப் பணம் இறங்கும். இரண்டாவது வாரமும் அதே கதை. உடனே கோயமுத்தூரிலிருந்து அந்த அதிகாரியே புறப்பட்டு வந்தார்.

அவர் வருவதற்கு முன் சரசக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தம்பி, ஊரு கேக்கச் சொன்ன சொல்லு. ஊரு கேக்கத்தான் திருப்பி எடுக்கோணும். அந்த ஆபீசரு முன்னாடியே மயிலா நெசத்தைச் சொன்னா ருக்கு வாங்கிக்குவா. ஆனா நெசத்தைச் சொன்னா என்னாகுமுங்க?"

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். சொல்லுங்கள் என்றோ சொல்லாதீர்கள் என்றோ நான் சொல்லியிருந்தால் அது தப்பு. எனக்கு இரண்டும் சொல்லத் தோன்றியது. சங்கத்துக்கு வசூல் வேண்டும். குழுவுக்குக் கடன் வேண்டும். ஆனால் விலை கொடுக்கப்போவது நானில்லை. அதனால் விலையை மட்டும் சொன்னேன். உண்மையைச் சொன்னால் ருக்மணியின் தவணை வந்துவிடும். குழு போய்விடும். இன்னும் கடன் வாங்காத மூன்று பேருக்கும் கடன் கிடையாது, மயிலாத்தாளின் மாடும் உங்களுடைய கடனும் அதில் சேர்த்தி. சொல்லாவிட்டால் குழுவும் இழுத்துக்கொண்டு கிடக்கும், மெஷினையும் எடுத்துப் போகச் சொல்வார்கள். இதை மயிலாத்தாளிடமும் அப்படியே சொல்லிவிடுங்கள் என்றேன்.

சரசக்கா உச்சுக் கொட்டினார். "அஞ்சு நிமிசம்னு நெனைச்சேன் தம்பி."

தறி ஓடாத ஊர். அதே தகரக் கொட்டகை. யாராவது இருமினால்கூட எல்லோர் காதிலும் விழுந்தது. அதிகாரி கோபத்தை அடக்கிக்கொண்டு மயிலாத்தாளிடம் கேட்டார். உங்கள் குழு உறுப்பினருக்காக நீங்கள் பணம் கட்டவேண்டும், ஏன் கட்டவில்லை?

மயிலாத்தாள் எழுந்து நின்றாள். எழ வேண்டியதில்லை, உட்கார்ந்தபடியே சொல்லலாம் என்றார். அவள் கேட்கவில்லை. இந்த முறை சத்தம் போடவும் இல்லை.

"அவ என்ற கொழுந்தன் பொஞ்சாதிங்க. அவ பெத்த ரெண்டையும் கால்ல போட்டுத் தண்ணி வாத்தது நானுங்க. நாளைக்கு நாஞ் செத்தா எனக்குச் சோறு பொங்காம அழுதுட்டு உக்காந்திருக்கப் போறவ அவதானுங்க. அன்னைக்கு ஊட்டுப் பக்கம் போறதில்லைன்னு சொன்னது பொய்யிங்க. நீங்க கேட்டீங்க, வாயில வந்துருச்சு."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மற்ற பெண்களைப் பார்த்து, அப்படியென்றால் நீங்களெல்லாம் என்று இழுத்தார். எல்லோரும் சொல்லிவிட்டார்கள், ஒருத்தி மாமியார் வழியில் சொந்தம், ஒருத்தி பாட்டன் வழியில் பங்காளி என்று. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்ய?

சரசக்காதான் பேசினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். எங்கியோ இருக்கற புள்ளைங்க பலகாரஞ் சுட்டு வித்து எங்களுக்குக் காசு குடுக்குதுங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. அதுகளுக்கும் எங்களுக்கும் என்னங்க சொந்தம்? சொந்தமில்லாததுங்க குடுக்கற காசை, சொந்தம் இருக்கறவ கட்டுனா ஆகாதுங்களா?"

அவர் பேனாவை மறுபடி எடுத்தார். அதற்குள் மயிலாத்தாள் ருக்மணிக்கு முன்னால் போய் உட்கார்ந்து பணத்தை நீட்டினாள். ருக்மணி வாங்கி எண்ணாமல் என் முன்னால் வைத்தாள். நான்தான் எண்ணவேண்டும். நின்ற இரண்டு வாரத்துக்கும் சேர்த்து இருந்தது.

மொபெட்டில் அவரைப் பின்னால் உட்காரவைத்துப் பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனேன். இறங்கும்போது, "வசூல் முழுசா இருக்கு, குழுவே செல்லாது. நான் என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். அவருக்கும் சலித்துப்போயிருந்தது. நடந்ததை எழுதுங்க சார் என்றேன். அவர் அப்படியே எழுதினார். அவரை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். சங்கத்துக்கு அடுத்த பணம் இறங்கியது, மற்ற ஊர்க் குழுக்களுக்குக் கடன் கிடைத்தது. இந்தக் குழுவில் வாங்கிய இரண்டு பேரும் கட்டி முடிப்பதோடு கலைத்துவிடும்படி உத்தரவு வந்தது.

விதி மாறியதா என்று கேட்பாய். மாறியது. அடுத்த வருஷம் அந்த ஒரு கேள்வியை, ரத்த உறவா, திருமண உறவா என்று இரண்டு கேள்வியாக்கினார்கள்.

உன் கட்டத்தில் என்ன அழுத்துவது என்று கேட்டாய். ஆம் என்று அழுத்து. நின்றுவிட்டால், எங்கே நின்றது, ஏன் நின்றது என்று மேலே எழுது. பத்துப் பேர் எழுதினால் யாராவது ஒருத்தர் படிப்பார். அந்தப் பெண்களிடம் முன்கூட்டியே போய், உண்மையைச் சொன்னால் இந்தப் பணம் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம் என்று சொல்லிவிடு. மற்றப் பிள்ளைகள் இல்லை என்று அழுத்திக் குழு சேர்க்கட்டும், உன்னைவிட அதிகமாகவும் சேர்க்கட்டும். மாதக் கடைசியில் உன் மேலாளர் கேட்பார். திட்டு வாங்கிக்கொள். நானும் வாங்கியிருக்கிறேன், ஒன்றும் ஆகாது.

ருக்மணி கடைசித் தவணை கட்டிய நாள், தறியெல்லாம் மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனேன். விறகு இல்லை, தாவாரத்தில் வழி திறந்து கிடந்தது. மயிலாத்தாள் அங்கே உட்கார்ந்து ருக்மணியின் நூலுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் எப்படியாவது சமாளித்து உங்களுக்கு மாட்டுக் கடன் வாங்கிக் கொடுத்திருப்பேனே என்றேன்.

அவள் நிமிர்ந்து, இந்த ஆளுக்கு விவரமே பத்தாது என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"மாட்டை வாங்கி எங்கீங்க சார் கட்டறது? தாவாரத்துல பாதி இவளுதுங்க."